அறுபது வயதில் வாங்கிய கிளிப் சவுரி

நூலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பை முழுதாக முடிக்காதவள் நான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால், அது என்ன நூல், எவ்வளவு கனம், முதல் சலவையில் எத்தனை சுருங்கும் என்று சொல்லிவிடுவேன். லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆர்டர் பார்க்க வருகிற மெர்ச்சண்டைசர் பிள்ளைகள் அதே துணியை வட்டமாக வெட்டி, தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, "எப்படீங்கம்மா?" என்று வாயைப் பிளப்பார்கள். "படிக்காததுனாலதான் கண்ணு" என்பேன்.

பதினான்கு வயதில் பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்கு வந்தேன். தையல்காரர் தைத்துத் தள்ளுவதை எடுத்து மடித்து அடுக்குகிற வேலை. இன்றைக்குத் திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருபத்து நான்கு மெஷின் என் பெயரில் ஓடுகிறது. நாங்கள் தைக்கிற குழந்தைத் துணியைப் போட்டுக்கொண்டுதான் எங்கேயோ பனி கொட்டுகிற ஊரில் வெள்ளைக்காரக் குழந்தைகள் தவழ்கின்றன. ஏமாற்றி ஒரு கோன் நூலைக்கூட எனக்கு யாரும் விற்றது கிடையாது. அப்படிப்பட்ட நான் ஒன்றரை முழம் முடியிடம் தோற்றேன். தோற்றேன் என்று சொல்வது தவறு. கொஞ்சம் சிரமப்பட்டேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் மணப்பெண்ணைப் போலவே பட்டுக் கட்டி, நகை போட்டு, நீளப் பின்னல் பின்னிப் பூ வைத்துக்கொண்டு, பேழை மூடியைத் தலையில் சுமந்து வந்து அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். பேழை மூடி என்பது மூங்கிலில் முடைந்த, மூடி போட்ட கூடை. அதற்குள் கூறைப்புடவை இருக்கும். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்துதான் பெண் தாலிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். ஆக, கூடப்பிறந்தவள் சுமக்காமல் கல்யாணம் நகராது. அன்றைக்கு ஒரு நாள் அவள்தான் ராணி.

எனக்கு ஒரே தம்பி. எனக்கும் அவனுக்கும் பதினேழு வயது வித்தியாசம். இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தவள் நான். அவனுக்கு இருபத்தாறு வயதில் பெண் பார்க்க ஆரம்பித்தோம். நாற்பத்து மூன்றில்தான் அமைந்தது. சாதகம் சேர்ந்தால் பெண்ணுக்கு மனசில்லை, மனசிருந்தால் சாதகம் சேரவில்லை, இரண்டும் சேர்ந்தால் அந்தப் பெண் கனடாவுக்குப் போய்விடுகிறது. பெண் பார்க்கப் போய்ப் போயே இரண்டு கார் தேய்ந்தது. ஆரம்பித்த வருஷம் என் முடி இடுப்புக்குக் கீழே இறங்கும். உட்கார்ந்தால் நாற்காலியில் மாட்டும். தம்பிக்குப் பெண் வருவதற்குள் எனக்கு முடி போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் கடைசிக் கொத்தையும் வாரிக்கொண்டு போக, மிஞ்சியது டிராயர் நாடா கனத்துக்கு ஒரு பின்னல்.

நிச்சயதார்த்தத்து அன்று எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது என் சித்தப்பா மகள் பேச்சை எடுத்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பின்னல் மட்டும் வடக்கயிறு மாதிரி.

"அக்கா, நீங்க எதுக்குங்க சிரமப்பட்டுக்கிட்டு? நானே நின்னுக்கறனுங்க. பேழை மூடி தலையில நிக்கோணுமில்லீங்க? உங்க தலையில ஈ கூட நின்னா வழுக்கி உழுந்துருமாட்ட இருக்குது."

கூடம் முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் துண்டை எடுத்து வாயைத் துடைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் தம்பியைப் பார்த்தேன். தூக்கி வளர்த்த பிள்ளை, அக்காதான் நிற்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "யாரு வேணாலும் நில்லுங்க சாமி. பொண்ணு மட்டும் மாறாமப் பார்த்துக்குங்க."

மறுபடி சிரிப்பு. எனக்கு வந்த கோபத்தில், "இணைச்சீரு அன்னிக்கு என்ற பின்னலப் பாருங்க. அப்பறம் பேசுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. பதினேழு வருஷம் காத்திருந்த சீர். அதை அந்த வடக்கயிற்றுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நான் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவதா?

மறுநாளே கோயமுத்தூரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஏசி, கண்ணாடி, சோபா. கிளிப் வைத்த முடி வரிசை வரிசையாகத் தொங்கியது. எங்கள் காலத்துச் சவுரி ஒற்றை வால். பின்னலோடு சேர்த்துப் பின்ன வேண்டும். இது அப்படி இல்லை. ஒரு சாண் அகலத்துக்கு நாடாவில் முடியைத் தைத்து, நாடாவில் சின்னச் சின்ன கிளிப் வைத்திருக்கிறார்கள். சொந்த முடியைத் தூக்கி, அடியில் மாட்டி, மூடிவிட வேண்டியதுதான். கடைப் பெண் ஒரு கொத்தை என் கையில் கொடுத்து, "நூறு சதவீதம் ஒரிஜினல் இந்தியன் ஹேர் மேம். டெம்பிள் ஹேர்" என்றாள். விலையைக் கேட்டேன். அந்த விலைக்கு ஓடுகிற நிலையில் துணி ஓரம் தைக்கிற பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கலாம்.

"பழனியில மூணு தடவ சும்மா குடுத்துட்டு வந்தது கண்ணு இது" என்றேன். "என்ற முடியையே எனக்கு விக்கறியா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா, மேனேஜரைக் கூப்பிடுவதா என்று தெரியவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். மெஷின் என்றால் சம்பாதித்துக் கொடுக்கும். முடி என்ன கொடுக்கும்?

திருப்பூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். வளையல், பொட்டு, பிளாஸ்டிக் பூ, அதற்கு நடுவில் பாக்கெட் பாக்கெட்டாகக் கிளிப் முடி. "ஒரிஜினல் முடிங்கம்மா, சலுகை விலை" என்றார் கடைக்காரர். என்னிடமா? பாக்கெட்டிலிருந்து நான்கு மயிரை உருவினேன். கல்லா மேல் சாமி படத்துக்கு வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து உரசிக் கொளுத்தினேன்.

"அம்மா! அம்மா! கடைக்குள்ள என்னம்மா பண்றீங்க!"

நூல் தொழிலில் இது அரிச்சுவடி. பருத்தி எரிந்தால் காகித வாசம், சாம்பல். பாலியெஸ்டர் எரியாது, உருகிக் குண்டுமணியாகும். மனுஷ முடி என்றால் பொசுங்கிய நாற்றம் வந்து விரலில் பொடியும். இது உருகி, கறுப்பாக ஒரு மணி திரண்டு, அவருடைய கண்ணாடி மேசையில் சொட்டியது.

"பிளாஸ்டிக்குங்க" என்றேன்.

அவர் மேசையைத் துடைத்தபடியே பாதி விலைக்கு இறங்கினார். கடை வாசலுக்கு வந்து வெயிலில் என் பின்னலோடு வைத்து நிறம் பார்த்தேன். டியூப்லைட்டில் கறுப்பை வாங்குகிறவன் தொழில்காரன் இல்லை. நிறம் சேர்ந்தது. ஆறு வரிசை உள்ள பாக்கெட் ஒன்றை வாங்கி ஜெயித்த முகத்தோடு வீட்டுக்கு வந்து, மாட்டிக்கொண்டு வீட்டுக்காரர் முன்னால் நின்றேன்.

அவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். "குதர வாலு நல்லா மினுமினுங்குது அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை ஏற்றிக்கொண்டார்.

உண்மைதான். பளபளப்பு அதிகம். என் நாடாப் பின்னல் பருத்தி மாதிரி மங்கலாக இருக்க, இது நைலான் மாதிரி மின்னியது. இங்கேதான் என் அனுபவம் குறுக்கே வந்தது. துணி மினுங்கினால் நாங்கள் என்ன செய்வோம்? சாஃப்ட்னர் தண்ணீரில் ஊற வைப்போம், உலர்த்துவோம், நன்றாக ஆவி விட்டு அயர்ன் போடுவோம். துணி படியும், அடங்கும். நாற்பத்தைந்து வருஷமாகச் செய்கிறேன். அதையே செய்தேன். கம்பெனிக்கு எடுத்துப் போய், ஊற வைத்து, காய வைத்து, அயர்ன் மேசையில் ஆறு வரிசையையும் தூய பருத்திக்கு வைக்கிற சூட்டில் வரிசையாகப் பரப்பி, என் கையாலேயே ஒரு இழுப்பு இழுத்தேன்.

பிளாஸ்டிக் என்று கண்டுபிடித்தவளும் நான்தான். மறந்தவளும் நான்தான்.

அயர்ன் பாக்ஸ் அடியில் தார் ரோடு மாதிரி ஒட்டிக்கொண்டது. மிச்சம் இருந்தது எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு மேலே எழும்பியது. அயர்னிங் மாஸ்டர் ஓடி வந்து, புகைக்கு நடுவே அதை உற்றுப் பார்த்து, "ஏனுங்கம்மா, இது எந்தப் பார்ட்டியோட சாம்பிளுங்க?" என்று கேட்டார். பாவம், மரியாதையாகத்தான் கேட்டார்.

சத்தம் கேட்டு ஓவர்லாக் ஓட்டுகிற பெண் எழுந்து வந்தாள். விருதுநகர் பக்கத்துக்காரி. ஆறு வருஷமாக என்னிடம் இருக்கிறாள். கை சுத்தம், வாய் பெரிசு.

"என்னம்மா இது, பாயத் தேச்ச மாதிரி தேச்சு வச்சிருக்கீக? என்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? கிறிஸ்மஸ்க்குச் சர்ச்சுக்கு நான் வருஷா வருஷம் மாட்டிட்டுப் போறேன்ல?"

"உனக்குத்தான் நல்ல முடியாச்சே?"

"அதேன் சொல்றேன். நல்ல முடின்னு நீங்களே நெனச்சிட்டு இருக்கீகள்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷம் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளின் தலையில் எது கலப்பு என்று கண்டுபிடிக்காமல் இருந்திருக்கிறேன். அதை நான் காட்டிக்கொள்ளவில்லை. "தெரியும், சும்மா கேட்டேன்" என்றேன்.

அவள் சொன்ன யோசனையைக் கேட்டு எனக்கே பொறாமையாக இருந்தது. "முழுசையும் ஒரிஜினல்ல வாங்கணும்னு என்ன இருக்கு? உச்சிக்குப் பக்கத்துல, கண்ணுக்குத் தெரியிற எடத்துக்கு மட்டும் ரெண்டு வரிச ஒரிஜினல் வாங்குங்க. கீழ பின்னப் போறீக, பின்னலு மேல பூ வைக்கப் போறீக. பூவுக்குள்ள எது முடி, எது நாருன்னு எந்தச் சாமி வந்து பாக்கும்? அதுக்கு மினுங்காத பிளாஸ்டிக்கு போதும்."

மேல் துணி நல்லது, உள் துணி மலிவு. நாங்கள் கோட்டுக்கும் பைக்கும் செய்கிற அதே வித்தைதான். நானே யோசித்திருப்பேன், நேரம்தான் இல்லை.

மறுபடி அந்த ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தீப்பெட்டியை எடுத்து அவரே நீட்டினார். "இந்தாங்கம்மா. வெளிய போயிக் கொளுத்துங்க." கொளுத்தினேன். பொசுங்கிய நாற்றம், விரலில் பொடி. ஒரிஜினல். இரண்டு வரிசை வாங்கினோம். மினுங்காத பிளாஸ்டிக்கில் நான்கு வரிசை. கிளிப்பை அழுத்தித் திறந்து, பல் நெருக்கமாக இருக்கிறதா, ரப்பர் வைத்திருக்கிறதா என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரப்பர் இல்லாத கிளிப் வழுக்குமாம். ஒரிஜினல் வரிசை கொஞ்சம் செம்பட்டை. அதற்கு நான் கவலைப்படவில்லை. வீட்டில் ஒரே கிண்ணத்தில் ஹேர் டை கலக்கி, பாதியை என் தலையிலும் பாதியை அந்த வரிசையிலும் பூசி, ஒரே நேரத்தில் ஊற விட்டு, ஒரே தண்ணீரில் அலசினேன். ஒரே லாட், ஒரே ஷேடு. சாயப்பட்டறைக்காரன் வந்து பார்த்தாலும் பிரிக்க முடியாது.

இனி மாட்டுவது. என் முடியில் கிளிப்பை வைத்தால் மெழுகில் வைத்தது போல வழுக்கி இறங்கியது. அவள் அதற்கும் வழி வைத்திருந்தாள். கிளிப் உட்காரும் இடத்தில் சீப்பை நுனியிலிருந்து வேரைப் பார்த்துத் தள்ளிச் சிக்காக்க வேண்டும். பிறந்ததிலிருந்து சிக்கு எடுக்கத்தான் தெரியும். சிக்கு போட ஆள் வைத்துக் கற்றுக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதற்கும் மேலே, காது உயரத்தில் சுற்றிலும் பொடிப் பின்னலாக மண்டையோடு ஒட்டப் பின்னி, அதில் கிளிப்பைக் கடிக்க விட்டாள். பிடித்தது.

பழக வேண்டும் என்று மாட்டிக்கொண்டே ஒரு நாள் கம்பெனியைச் சுற்றி வந்தேன். அன்று பேக்கிங் நடந்துகொண்டிருந்தது. குழந்தைத் துணி என்பதால் ஒவ்வொரு உருப்படியையும் ஊசி பார்க்கிற மெஷினில் விட வேண்டும். துணிக்குள் உடைந்த ஊசித் துண்டோ வேறு இரும்போ இருந்தால் அலறும். அது அலறினால் வேலை மொத்தமும் நிற்க வேண்டும், துண்டு கிடைக்கிற வரை யாரும் நகரக் கூடாது. நான் குனிந்து ஒரு கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் மெஷின் அலறியது.

எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசர் அந்தக் கட்டை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரு குட்டிச் சட்டையின் கைக்குள்ளிருந்து கறுப்பாக, நீளமாக ஏதோ தொங்கியது.

"பெருச்சாளிங்கோ!" என்று கத்திக்கொண்டு பேக்கிங் பெண் மேசை மேல் ஏறிவிட்டாள்.

ஓவர்லாக்காரி போய் அதை எடுத்து, உதறி, மடித்து, என் கையில் கொடுத்தாள். "வெள்ளக்காரப் பிள்ளைக்கு ஜடை ஃப்ரீயாப் போயிருக்கும்மா" என்றாள்.

அன்றோடு கிளிப்பின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை போயிற்று. சட்டைக்குள் விழுந்தது போல மணவறையில் விழுந்தால்? சித்தப்பா மகள் பக்கத்திலேயே நிற்பாள், முடி தரையைத் தொடுவதற்குள் பேழை மூடியை வாங்கிக்கொள்வாள். அந்த இடத்தில் ஒரு தொழில்காரி எடுக்கிற முடிவை எடுத்தேன்.

"தெச்சுரு" என்றேன்.

"எதை?"

"கிளிப்ப. என்ற முடியோட சேத்து. பட்டன் தெக்கற நூலுல, பத்து பத்து சுத்து."

அவள் என் பின்னலைத் தூக்கிப் பார்த்தாள். "அம்மா, அப்புறம் கழட்டணும்ல?"

"எக்ஸ்போர்ட் குவாலிட்டிக்குத் தெய்யி. கழட்டறத அப்பறம் பாத்துக்கலாம்."

கல்யாணத்து அன்று விடியற்காலையில், மண்டபத்து அறையில் வைத்து, ஆறு வரிசையையும் என் தலையில் தைத்தாள். சட்டைக்குப் பட்டன் பிடிப்பது போலக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து முடிச்சுப் போட்டாள். பின்னி, குஞ்சம் கட்டி, மல்லிகையும் கனகாம்பரமும் வைத்து முடித்தபோது, கண்ணாடியில் இடுப்புக்குக் கீழே இறங்குகிற பின்னலோடு ஒருத்தி நின்றாள். நான் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஆட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க, வேற ரூமுன்னு தெரியாம வந்துட்டனுங்க" என்று சொல்லிப் போனார். அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு.

மேடைக்கு வந்தேன். முன் வரிசையில் கிசுகிசுப்பு ஓடியது எனக்குக் கேட்டது. சித்தப்பா மகள் பட்டுச் சேலையில் தயாராக, மணவறை ஓரத்திலேயே நின்றாள். என் பின்னலைப் பார்த்து அவள் முகம் போன போக்கை வீடியோக்காரர் எடுத்திருக்கிறார். இன்றும் வேண்டிய நாளில் போட்டுப் பார்க்கிறேன்.

சீர் செய்து வைக்கிற பெரியவரை எங்கள் பக்கம் அருமைக்காரர் என்போம். அவர் சொல்லச் சொல்ல, கூறைப்புடவை வைத்த பேழை மூடியை என் தலையில் ஏற்றினார்கள். சுமந்து வந்து தம்பி பக்கத்தில் நின்றேன். பதினேழு வருஷம். கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. கல்யாண வீட்டுப் புகையாகவும் இருக்கலாம்.

"எறக்கிப் பொடவயக் குடுங்க" என்றார் அருமைக்காரர்.

சித்தப்பா மகள் வந்து கூடையைப் பிடித்துத் தூக்கினாள். கூடை வரவில்லை. என் தலை போனது. கூடையின் அடியில் பிளந்திருந்த மூங்கில் சிம்பு ஒன்று, தைத்திருந்த நூலுக்கும் முடிக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. கிளிப்பாக இருந்திருந்தால் பொத்தென்று கழன்று வந்திருக்கும். இது எக்ஸ்போர்ட் குவாலிட்டி.

"உடுங்கக்கா" என்றாள் மெதுவாக.

"நான் எங்க புடிச்சிருக்கறன்? மாட்டிருக்குது. இழுக்காத."

அவள் குனிந்து பார்த்தாள். நூலைப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெதுவாக, பல் தெரிய, நிச்சயதார்த்தத்துச் சிரிப்பு ஏறியது. வாயைத் திறந்தாள். இன்னும் ஒரு மூச்சில் மண்டபம் முழுக்கத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் வீடியோக்காரர் நல்ல படமாக எடுக்க வேண்டும் என்று பெரிய வெள்ளை விளக்கை எங்கள் மேல் திருப்பினார்.

ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற சாயம் இன்னொரு வெளிச்சத்தில் இரண்டாகப் பிரியும். அதற்காகவே கம்பெனிகளில் விளக்கு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற பெட்டி வைத்திருக்கிறோம். அவள் குனிந்திருந்தாள். என் மூக்குக்கு நேரே அந்த வடக்கயிறு. கழுத்துக்கு மேலே ஒரு கறுப்பு. கழுத்துக்குக் கீழே நீலம் ஓடின இன்னொரு கறுப்பு.

"கண்ணு" என்றேன். "உன்ற பின்னல்ல ரெண்டு ஷேடு தெரியுது."

அவள் வாய் திறந்தபடி நின்றது.

"எத்தன வரிச?"

"எட்டுங்கக்கா" என்றாள், மூச்சுக் காற்றில்.

"கூடைய உட்டுட்டு, மூடியத் தொறந்து பொடவைய மட்டும் எடு."

எடுத்தாள். இரண்டு கையாலும் பவ்வியமாக எடுத்துக் கொடுத்தாள். பெண் புடவையை வாங்கிக்கொண்டு உடுத்தப் போனது. நான் காலிக் கூடையோடு நின்றேன். அருமைக்காரர் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். தம்பி மாலைக்குள்ளிருந்து முணுமுணுத்தான்: "அக்கா, எறக்குங்க. கழுத்துப் போயிரும்."

"நீ முன்னால பாரு சாமி" என்றேன். கூடையை இரண்டு கையாலும் பிடித்து, நிமிர்ந்து நின்றேன். வேறென்ன செய்ய?

முன் வரிசையில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், பெண் வீட்டுப் பக்கம், தடியை ஊன்றி எழுந்தார். "அப்பிடிப் போடு! இதுதானய்யா பழைய மொற! தாலி ஏறுற வரைக்கும் கூடப்பொறந்தவ கூடைய எறக்கவே மாட்டா. இந்தக் காலத்துல எவளுக்குத் தெரியுது?"

அவர் அதை எங்கே பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. பார்த்திருக்கவே மாட்டார். ஆனால் தனக்குத் தெரியாத முறை ஒன்று இருக்கிறதென்று ஒத்துக்கொள்ள அருமைக்காரரால் முடியுமா? தொண்டையைச் செருமினார். "ஆமாங்க. அதுதானுங்க மொற. சுருக்கமாப் போகட்டும்னு நாந்தான் உட்டுப்போட்டன்" என்றார். இரண்டு பக்கத்து ஆட்களும் தலையாட்டினார்கள். நான்கைந்து பேர் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

பெண் புடவை உடுத்திக்கொண்டு வர அரை மணி நேரம். மேக்கப் பெண்கள் கொசுவம் வைத்து, பின் குத்தி, அவிழ்த்து, மறுபடி வைத்தார்களாம். அந்த அரை மணி நேரமும் நான் கூடையோடு நின்றேன். மூக்கு அரித்தது. ஒரு ஈ வந்து கன்னத்தில் உட்கார்ந்து சாவகாசமாகக் காலைத் தேய்த்தது. சித்தப்பா மகள்தான் முந்தானையால் விசிறி அதை விரட்டினாள், ஒருமுறை மூக்கையும் சொறிந்து விட்டாள். வீட்டுக்காரர் நாலாவது வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். மைத்துனன் கல்யாணத்தில் மனுஷன் இப்படிக் கண் கலங்குகிறாரே என்று பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

தாலி ஏறியது. மேளம் முழங்கியது. தம்பி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. நான் கூடையோடு நடந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஓவர்லாக்காரி நூல் வெட்டுகிற டிரிம்மரோடு காத்திருந்தாள். "அசையாதீக, காது போயிரும்" என்று சொல்லி ஒவ்வொரு முடிச்சாக அறுத்தாள். கூடை கழன்றபோது என் கழுத்து தானாக மேலே போனது போல இருந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள். சித்தப்பா மகள். உள்ளே வந்து, தாழ்ப்பாள் போட்டு, பாயில் உட்கார்ந்து, முதுகைக் காட்டினாள்.

"எனக்கும் கழட்டி உடச் சொல்லுங்கக்கா. மண்டை தெறிக்குது."

எட்டு வரிசையும் வெளியே வந்தது. கோயமுத்தூர் ஏசி கடையில் வாங்கினதாம். விலையைக் கேட்டேன். அப்பேர்ப்பட்ட விலை கொடுத்தும் ஷேடு பார்க்கத் தெரியவில்லையே என்று, அரை மணி நேரம் எனக்கு ஈ ஓட்டினவளாயிற்றே என்பதால், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் சொன்னேன்.

அடுத்த முகூர்த்த மாதத்தில் எங்கள் சொந்தத்தில் இன்னொரு கல்யாணம். இணைச்சீருக்கு நிற்கிற பெண் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறாள். அவளுடைய அம்மா எனக்குப் போன் செய்தார்.

"பெரியக்கா, உங்களத்தான் கேக்கச் சொன்னாருங்க அருமைக்காரரு. பேழை மூடிய எத்தன நேரம் சொமக்கோணுமுங்க?"

வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சட்னி தொட்டு இட்லி தின்றுகொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆசை வந்தது. ஆனால் அந்த நாலைந்து கைபேசிப் படம் எத்தனை ஊருக்குப் போயிருக்கும்? அருமைக்காரருடைய மரியாதை என்ன ஆவது? தடியூன்றி எழுந்த அந்தப் பெரியவர் என்ன ஆவார்?

"தாலி ஏறுற வரைக்குமுங்க" என்றேன். "முந்தின நாளே கழுத்துக்கு எண்ணெய் தேச்சு உட்டுருங்க."

"பாவம் அந்தப் புள்ள" என்றார் வீட்டுக்காரர்.

"மொறைன்னா மொறைதானுங்க" என்று சொல்லி, நான் இன்னொரு இட்லியை அவர் தட்டில் வைத்தேன்.